சோழமண்டலத்து ஊசித்தட்டான்: திருவண்ணாமலைத் தட்டான்களுக்குப் பெயர் வந்த கதை

திருவண்ணாமலையில் புல் மண்டிய எந்தக் குட்டை ஓரத்திலும் மழைக்காலத்தில் ஒரு சின்ன மஞ்சள் ஊசித்தட்டானைப் பார்க்கலாம். தீக்குச்சியை விட மெலிந்த உடம்பு, வாலெல்லாம் மஞ்சள், நெஞ்சுப் பக்கம் லேசாகப் பச்சை. உட்காரும்போது சிறகை முதுகின்மேல் மடக்கிக்கொள்ளும். இதன் அறிவியல் பெயர் செரியாக்ரியான் கோரமண்டலியானம். இரண்டாவது சொல்லை நிதானமாகப் படிங்க. கோரமண்டல், அதாவது சோழமண்டலம். நம்ம வாய்க்கால் ஓரத்துப் பூச்சி ஒன்று 200 வருஷத்துக்கும் மேலாகச் சோழர் நாட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. அதற்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் கேட்டால் "ஊசித்தட்டான்" என்பதோடு நிறுத்திவிடுவோம்.

இந்தப் பெயரை யார், எங்கே உட்கார்ந்து, எப்போது வைத்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட வேறொரு விஷயம் பிடிபட்டது. நம்ம ஊர்த் தட்டான்களின் பெயர்களைக் கால வரிசையில் அடுக்கினால், ஐரோப்பியர்கள் தமிழ்நாட்டுக்குள் எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதற்கு அது ஒரு வரைபடமாகவே ஆகிவிடுகிறது.

முதலில் ஒரு சொல் வழக்கு

தட்டான், தட்டாரப்பூச்சி, தும்பி என்று மூன்று பெயர்கள் புழங்குகின்றன. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஹெலிகாப்டர் பூச்சி என்றும் சொல்கிறார்கள். "சங்க இலக்கியத்திலேயே தட்டான் இருக்கு, தும்பின்னு பாடியிருக்காங்க" என்று அடிக்கடி எழுதுவதைப் பார்க்கிறேன். இதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் வரும் தும்பி பூக்களில் தேன் தேடித் திரிகிற உயிர். தருமி கதையால் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு அது. தட்டான் தேன் குடிக்காது, பூவில் அதற்கு வேலையே இல்லை. கொசு, ஈ, சின்னப் பட்டாம்பூச்சி என்று பறக்கிற பூச்சிகளைப் பறந்தபடியே பிடித்துத் தின்கிற வேட்டைக்கார ஜாதி. ஆக அந்தத் தும்பி வண்டு அல்லது தேனீ வகைதான். மலையாளத்தில் தும்பி என்றால் இன்று தட்டான் மட்டும்தான். தமிழிலும் பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறோம். சொல் அப்படியே இருக்க, அது சுட்டுகிற பூச்சி மாறிவிட்டது.

பெயருக்குப் பின்னால் ஒரு பதிவு

உயிரினங்களின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் பெயரும் ஆண்டும் இருக்கும். நம்ம தொழிலில் இருப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம்: அது ஒரு கமிட் லாக். யார் முதலில் பதிவு செய்தார், எந்த வருஷம் என்பது அதில் இருக்கும். ஆள் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலிருந்து அந்த உயிரைப் பின்னால் வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். பூச்சியியலின் ஆரம்ப காலத்தில் எல்லாத் தட்டானையும் லிபெல்லுலா என்ற ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தார்கள். பிரித்து அடுக்கிய வேலையில் பெரும்பகுதி நடந்தது 19-ஆம் நூற்றாண்டில்.

திருவண்ணாமலைச் சுற்றுவட்டாரத்தில் சாதாரணமாகக் கண்ணில் படுகிற சில தட்டான்களின் லாக் இது:

1763, லின்னேயஸ்: சிறகில் மஞ்சளும் கறுப்பும் கலந்து, பட்டாம்பூச்சி போலவே மிதந்து பறக்கும் ரையோதெமிஸ் வேரிகாட்டா.

1770-களின் தொடக்கம், ட்ரூரி: உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பாக இருக்கும் குரோக்கோதெமிஸ் செர்விலியா, பச்சையும் கறுப்பும் வரி வரியாக இருக்கும் முரட்டுத் தட்டான் ஆர்தெட்ரம் சபீனா.

1793, ஃபாப்ரிசியஸ்: சாக்கடை ஓரத்தில்கூட இருக்கும் ஆரஞ்சுச் சிறகுத் தட்டான், பிராக்கிதெமிஸ் கண்டாமினாட்டா.

1798, ஃபாப்ரிசியஸ்: மேலே சொன்ன சோழமண்டலத்து ஊசித்தட்டான், மழைக்கு முன்னும் பின்னும் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் பாண்டலா ஃபிளாவெசென்ஸ்.

1842, ராம்பூர்: பாறையிலும் மதிலிலும் ஒட்டி உட்காரும் பிராடினோபைகா ஜெமினாட்டா, தரையிலேயே உட்காரும் டிப்ளகோடெஸ் ட்ரிவியாலிஸ்.

லின்னேயஸ் ஸ்வீடன்காரர். ட்ரூ ட்ரூரி லண்டனில் வெள்ளி வேலை செய்த பொற்கொல்லர். தட்டானுக்குப் பெயர் வைத்தவரும் ஒரு தட்டார்தான் என்பது யாரும் திட்டமிடாத பொருத்தம். ஃபாப்ரிசியஸ் டென்மார்க்கில் பிறந்தவர், லின்னேயஸின் மாணவர், கீல் நகரில் பேராசிரியராக இருந்தவர். ராம்பூர் பிரெஞ்சுக்காரர். நாலு பேரில் ஒருத்தர்கூட இந்தியாவில் கால் வைத்ததில்லை. அப்படியானால் பூச்சி எப்படி அவர்களிடம் போய்ச் சேர்ந்தது?

தரங்கம்பாடி வழி

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். வியாபாரத்தில் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் இயற்கை அறிவியல் வரலாற்றில் அந்தச் சின்ன ஊருக்குப் பெரிய இடம் உண்டு. லின்னேயஸின் இன்னொரு மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் மருத்துவராகத் தரங்கம்பாடி வந்தார். அங்கிருந்து ஆற்காடு நவாப்பிடம் இயற்கையியலாளராகவும், பிறகு ஆங்கிலக் கம்பெனியிலும் வேலை பார்த்து 1785-இல் இந்தியாவிலேயே இறந்தார். அவர் அனுப்பிய செடிகளும் பூச்சிகளும் ஐரோப்பாவில் பல பேர் மேசைக்குப் போயின. ஃபாப்ரிசியஸ் மேசை அதில் ஒன்று.

கோனிக்குக்குப் பின் வந்தவர் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி. 1791-இல் தரங்கம்பாடியில் ஒரு மீன் பனைமர இடுக்கில் ஏறி இருந்ததைப் பிடித்ததாக எழுதி, அது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. நம்ம பனையேறிக் கெண்டைதான். மீன் மரம் ஏறுமா என்று ஐரோப்பாவில் ரொம்ப நாள் விவாதம் நடந்தது. அதே டால்டார்ஃப் பூச்சிகளையும் சேகரித்து ஃபாப்ரிசியசுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1798-இல் ஃபாப்ரிசியஸ் தன் பெரிய நூலுக்கு ஒரு பின்னிணைப்புத் தொகுதி போட்டார். இந்தியப் பூச்சிகள் அதில் நிறைய. கோரமண்டலியானமும் ஃபிளாவெசென்சும் இடம்பெற்றது அந்தத் தொகுதியில்தான்.

தரங்கம்பாடி திருவண்ணாமலையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏரியும் வயலும்தான். சமவெளித் தட்டானுக்கு இது எல்லாம் ஒரே ஊர். அங்கே பிடித்துப் பெயர் வைத்தது இங்கேயும் பறப்பதில் ஆச்சரியம் இல்லை.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். சமவெளியில் நாம் தினமும் பார்க்கும் தட்டான்களில் பெரும்பாலானவை 1763-க்கும் 1842-க்கும் இடையிலேயே பெயர் வாங்கிவிட்டன. துறைமுகத்துப் பக்கம் எளிதாகக் கிடைத்தவை முதலில் கப்பல் ஏறின. மலை ஓடைத் தட்டான்கள் இன்னும் 80 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வேலையைச் செய்தவர் எஃப். சி. ஃப்ரேசர், இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ டாக்டர். குடகு, நீலகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இறங்கித் தேடி, பல புதிய இனங்களை விவரித்தார். பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் அவருடைய மூன்று தொகுதிகள் 1933, 1934, 1936 ஆண்டுகளில் வந்தன. இன்றைக்கும் சந்தேகம் வந்தால் ஆராய்ச்சியாளர்கள் திறக்கும் புத்தகங்கள் அவை. டாக்டர் வேலை பார்த்துக்கொண்டே இதைச் செய்தார் என்பதை என்னைப் போல வேறு வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் இதைத் தேடுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

துறைமுகம், சமவெளி, மலை. பெயர்களின் தேதி இந்த வரிசையில்தான் போகிறது. ஆளும் அதிகாரமும் போன வரிசையும் இதுதான்.

இந்த லாகில் ஒரு தரப்பு மட்டும் இல்லை. வெயிலில் பறக்கும் தட்டானைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை என்பது வேலி ஓரத்தில் துரத்திப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். கோட்டையில் இருந்த அதிகாரிகள் எல்லாவற்றையும் தாங்களே ஓடிப் பிடித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளூர்ப் பையன்களின் கை அதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். எந்தப் பெயருக்குப் பின்னாலும் அவர்கள் இல்லை.

செத்த பூச்சியும் உயிருள்ள பூச்சியும்

தட்டான் செத்தால் நிறம் போய்விடும். ரத்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். மாசக்கணக்கில் கப்பலில் போன காய்ந்த பூச்சியைப் பார்த்துத்தான் ஃபாப்ரிசியஸ் எழுதினார். ஃபிளாவெசென்ஸ் என்றால் மஞ்சள் சாயல் உள்ளது. கண்டாமினாட்டா என்றால் கறைபட்டது. சிறகிலிருக்கும் ஆரஞ்சுப் படலத்தைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் தட்டான் மாசுபட்ட தண்ணீரையும் தாங்கும், மற்ற தட்டான்கள் காலி செய்துவிட்டுப் போன சாக்கடைக் குட்டையிலும் இருக்கும். அது தெரியாமலேயே அவர் வைத்த பெயர் இன்று வேறு அர்த்தத்தில் பொருந்துகிறது.

நிறத்தை நம்ப முடியாததால் பழைய ஆட்கள் சிறகின் நரம்புகளை வைத்து இனம் பிரித்தார்கள். எந்த அறையில் எத்தனை குறுக்கு நரம்பு, முக்கோணம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். அதற்குப் பூச்சியைப் பிடித்துக் கொன்றாக வேண்டும். கொல்லாமல் இனம் காண்பது கள வழிகாட்டிகளும் டிஜிட்டல் கேமராவும் வந்த பிறகுதான் பரவலானது. 2005-இல் கே. ஏ. சுப்ரமணியன் எழுதிய தீபகற்ப இந்தியத் தட்டான்கள் கையேடு இதில் ஒரு பெரிய திருப்பம். படமும் எளிய ஆங்கிலப் பெயரும் சேர்ந்ததால் என்னைப் போன்ற பூச்சியியல் படிக்காத ஆட்களும் உள்ளே வர முடிந்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு முதல் பாடம் இதுதான். உட்காரும்போது சிறகை விரித்து வைத்தால், இரண்டு கண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தட்டான். சிறகை மடக்கி, கண்கள் தலையின் இரு ஓரத்தில் தள்ளி இருந்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். அடுத்து, எங்கே உட்காருகிறது என்று பாருங்க. தரையிலா, குச்சி நுனியிலா, சுவரிலா, இல்லை உட்காரவே மாட்டேன் என்கிறதா? நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். ஒரே இனத்தில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், குஞ்சுப் பருவம் தாண்டிய புதிசு இன்னொரு நிறமாக இருக்கும்.

மலைக்கும் மதிலுக்கும் பிறந்தது

திருவண்ணாமலைக்கு என்று ஒரு தட்டானைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பிராடினோபைகா ஜெமினாட்டாவைத்தான் சொல்வேன். ஆங்கிலப் பெயரின் பொருள் "கருங்கல் பேய்". சாம்பல், கறுப்பு, வெள்ளை எல்லாம் புள்ளி புள்ளியாகக் கலந்த உடம்பு. சிறகைப் பாறையோடு தட்டையாக ஒட்டி உட்கார்ந்துவிட்டால் கல் எது பூச்சி எது என்று தெரியாது. பறந்தால்தான் இருந்ததே தெரியும். பாறைக்குழியில் தேங்கிய மழைநீர், கிணறு, சிமெண்ட் தொட்டி என்று எதிலும் முட்டையிட்டு வளரும். சுனைகளும் தீர்த்தங்களும் கருங்கல் மதில்களும் உள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான தட்டான் கிடையாது. மலையாளத்தில் இதற்கு மதில்தும்பி என்று பெயர். 178 வருஷம் இந்தியாவில் இந்தப் பேரினத்துக்கு இது ஒன்றுதான் என்று இருந்தது. 2020-இல் மகாராஷ்டிரக் கொங்கண் கடற்கரையிலிருந்து இன்னொரு இனத்தைப் பிரித்து விவரித்தார்கள். வீட்டு மதிலில் உட்காரும் பூச்சியின் உறவுக்காரனையே நாம் 2020 வரை கவனிக்கவில்லை.

ஐப்பசியில் வருவது

பாண்டலா ஃபிளாவெசென்ஸ் கதை உலகக் கதை. தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம்ம ஊரில் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தீபத்துக்கு ஊர் தயாராகும் சமயம் காலி மனைகளுக்கு மேல் நூற்றுக்கணக்கில் சுற்றுகிற மஞ்சள் தட்டான்கள் இவைதான். உட்காரவே உட்காராது, உட்கார்ந்தால் குச்சியில் தொங்கும்.

மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் தரைக்கு மேல் நன்னீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, தட்டான் அங்கே பெருக வாய்ப்புக் குறைவு. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அக்டோபரில் தொடங்கிக் கூட்டமாக வந்திறங்குகின்றன. பல வருஷக் குறிப்புகளைச் சேர்த்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வடகிழக்குப் பருவக்காற்றோடு சேர்ந்து இவை இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன, அடுத்தடுத்த தலைமுறைகள் தென்மேற்குக் காற்றில் திரும்புகின்றன, மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் வாதம். 2012-இல் சிறகில் உள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பை அளந்த ஆய்வு, மாலத்தீவுக்கு வந்தவை வட இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் பிறந்திருக்கக்கூடும் என்று காட்டியது. மழைக்குட்டையில் ஒன்றரை, இரண்டு மாசத்தில் வளர்ந்து முடித்துவிடுவதால்தான் இந்தப் பூச்சிக்கு மழையைத் துரத்திக்கொண்டே வாழ முடிகிறது.

ஃபாப்ரிசியஸ் 1798-இல் இதன் வாழிடம் "இந்தியா" என்று ஒரே வார்த்தையில் எழுதினார். மலையாளத்தில் துலாத்தும்பி என்கிறார்கள். துலாம் என்றால் நம்ம ஐப்பசி. எப்போது வரும் என்பதே பெயருக்குள் இருக்கிறது. லத்தீன் பெயரை விடத் தகவல் அதிகம்.

பெயர் இல்லாததால் என்ன குறைகிறது

2021 டிசம்பரில் ஐ.யூ.சி.என். முதன்முறையாக உலகத் தட்டான்கள், ஊசித்தட்டான்கள் மொத்தத்தையும் மதிப்பிட்டது. 6,016 இனங்களில் 16 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. முக்கியக் காரணம் நன்னீர் வாழிடங்கள் போவது. திருவண்ணாமலைச் சமவெளித் தட்டான்கள் அந்தப் பட்டியலில் இல்லை, எல்லாமே பரவலானவை. அதனால் கவலை இல்லை என்று விட்டுவிடலாமா?

இங்கேதான் சோழமண்டலத்து ஊசித்தட்டான் நமக்கு உதவுகிறது. ஊசித்தட்டான் முட்டையைத் தண்ணீரில் போடாது. நீர்ச்செடியின் தண்டைக் கீறி உள்ளே வைக்கும். செடி இல்லை என்றால் அதற்குப் பிள்ளை இல்லை. பாண்டலாவும் மதில் தட்டானும் வெறும் தண்ணீர் இருந்தால் போதும் என்கிற ரகம். கண்டாமினாட்டா அழுக்கையும் தாங்கும். ஆகவே ஒரு குளத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பார்த்தாலே குளத்தின் கதை ஓரளவு தெரிந்துவிடும். கரையெல்லாம் கான்கிரீட் போட்டுச் செடியைச் சுத்தமாக வழித்த குளத்தில் ஊசித்தட்டான் போய்விடும், மற்றவை இருக்கும். "தட்டான் பறக்குதே, குளம் நல்லாத்தான் இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதன் விலை இதுதான்.

சமுத்திரம் ஏரி, அய்யங்குளம், மலைமேல் சுனைகள், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை ஓரத்துத் தீர்த்தங்கள் என்று விதவிதமான நீர்நிலை ஒரே மலையைச் சுற்றி இருக்கும் ஊர் இது. மலையடிவாரத்தில் மரம் நட்டு வளர்க்கும் வேலையும் பல வருஷமாக நடக்கிறது. மரம் எவ்வளவு வளர்ந்தது என்று எண்ணிவிடலாம். தண்ணீர் எப்படி மாறியது என்பதற்குத் தட்டான் கணக்கு வேண்டும். 1990-இல் அய்யங்குளத்தில் எத்தனை வகை இருந்தது என்று யாராவது நோட்டில் எழுதி வைத்திருந்தால் இன்று ஒப்பிட்டிருக்கலாம். 2060-இல் கேட்கப் போகிறவர்களுக்கு நாம் எழுதி வைக்கலாம்.

செலவு ஒன்றும் இல்லை. மழை விட்ட பிறகு காலை 9 மணிக்கு மேல் வெயில் ஏறியதும் போங்க. பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுங்க. தேதி, இடம், கரை மண்ணா கல்லா கான்கிரீட்டா, செடி இருக்கா இல்லையா, இந்த நாலையும் குறிச்சு வைங்க. லத்தீன் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, படம் இருந்தால் பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வார்கள். தமிழ்ப் பெயருக்கு என் பங்காக மூன்று: ஐப்பசித் தட்டான், மதில் தட்டான், சோழமண்டலத்து ஊசி. இதைவிட நல்ல பெயர் உங்க ஊரில் பாட்டிமார் வாயில் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் அதையும் அந்த நோட்டிலேயே எழுதுங்க. கூடவே சொன்னவர் எந்த ஊர் என்பதையும். இந்த முறை லாகில் அது விட்டுப்போக வேண்டாம்.